முரசு அடித்தும் யாரும் வரவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். முழங்கால் வலிதான் பழையபடி. நீ வேளைக்குச் சாப்பிடு. பொங்கலன்று பேசியது, அப்புறம் உன் குரலையே கேட்கவில்லை. வேலை இருக்கும், தெரியும்.

காசிக்குப் போன கையோடு பீகாரில் இருக்கும் வைசாலிக்கும் போய் வந்தோம். ஒரே அரசன் இல்லாமல் பலர் கூடி ஆண்ட பழைய நாடுகளை, அதாவது 'கண சங்கங்களை', 32 வருஷம் பாடம் எடுத்தவளுக்கு அந்த மண்ணை மிதிக்க இப்போதுதான் வாய்த்தது. வைசாலியை ஆண்ட லிச்சாவிகள் பதவியேற்கும்போது நீராடிய குளம் என்று ஒன்றைக் காட்டினார்கள். அதன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே ஒரே ராஜா என்பது கிடையாது. 7,707 ராஜாக்கள் என்கிறது, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை. முரசு கேட்டால் போதும், மன்றத்துக்கு வந்துவிடுவார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே இடமில்லை, அதைப் பிள்ளைகளிடம் நான் மறைத்ததில்லை. இருந்தாலும் கூடிப் பேசி முடிவெடுத்தார்களே, அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்.

மகத மன்னன் அஜாதசத்ரு அவர்கள் மேல் படையெடுக்க நினைத்து, மந்திரி வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்பினான். புத்தர் நேராகப் பதில் சொல்லாமல் தன் சீடர் ஆனந்தரிடம் ஏழு கேள்வி கேட்டார். முதல் கேள்வி, வஜ்ஜிகள் (லிச்சாவிகளும் சேர்ந்த கூட்டணி) அடிக்கடி கூடுகிறார்களா? அடுத்தது, ஒன்றாய்க் கூடி ஒன்றாய் எழுகிறார்களா? அப்படி இருக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்றார்.

மந்திரிக்கு அது போதுமாக இருந்தது. பௌத்த நூலுக்குப் பாலி மொழியில் எழுதிய உரையில் வரும் கதை இது. மகதத்திலிருந்து விரட்டப்பட்டவன்போல வைசாலிக்குள் வந்தான். ஒரு லிச்சாவியைத் தனியே அழைத்து, "வயல் உழுகிறார்களா?" என்பான். "ஆமாம், இரண்டு மாடு பூட்டி." அவ்வளவுதான் பேச்சு. என்ன கேட்டார் என்று இன்னொருவன் விசாரித்தால் இவன் உள்ளதைச் சொல்வான். அவன் நம்பமாட்டான். இதைக் கேட்கவா தனியாகக் கூப்பிட்டார்? மூன்றே வருஷம். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வழியில் நடப்பதுகூட நின்றுபோனது. படை வந்தபோது முரசு அடித்தார்கள். யாரும் வரவில்லை.

நீ அங்கே வீடு வாங்கியதை எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தேன். எனக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குளக்கரையில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பௌத்த சங்கத்தில் முக்கியமான தீர்மானத்தை மூன்று முறை அறிவிப்பார்கள். அதற்குப் பிறகும் யாரும் பேசாமலிருந்தால்தான் சம்மதம். ஒத்துவராவிட்டால் குச்சி கொடுத்து வாக்கெடுப்பார்கள். நான் நம் வீட்டை அக்கா பேருக்கு எழுதும்போது உன்னை ஒரு முறைகூடக் கேட்கவில்லை தம்பி. பத்திரம் பதிந்த பிறகு சொன்னேன். "சரிம்மா" என்றாய். அதையே சம்மதமாக வைத்துக்கொண்டேன். அக்காவிடமோ, தம்பிக்கு எல்லாம் தெரியும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் கோபப்படாதே. தனித்தனியாகப் பேசியது நான்தான்.

அப்பா திதி ஐப்பசியில் வருகிறது. லீவு கிடைக்குமா பார். அக்காவும் வருவாள். பத்திரத்தை நடுவில் வைத்து இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கிறேன். மனதில் இருப்பதைச் சொல்லு, திட்டினாலும் சரி, "சரிம்மா" மட்டும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அம்மா