எய்யா, ராத்திரி தூங்குகிறாயா

அன்புள்ள எய்யா,

போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது, அவ்வளவுதான். அதனால் எழுதுகிறேன். இதை யாரிடமும் கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லவில்லை, நானே முக்கூடல் போஸ்ட் ஆபீசுக்குப் போய்ப் போடப்போகிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

இங்கே எல்லாரும் சுகம். ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது. கொடைக்கு வரி எழுதியாச்சு, உன் தலைக்கும் சேர்த்து நானே கொடுத்துவிட்டேன். வேறு சேதி இல்லை. நீ ராத்திரி தூங்குகிறாயா?

போன மாதம் உங்கள் போன் விளையாட்டு டீம் போட்ட படத்தை உன் அக்கா மகன் சின்னவன் காட்டினான். நாலு பேர் நிற்கிறார்கள், நீ இல்லை. படம் எடுத்தது நீயாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். நீயாகச் சொல்லும்வரை நான் கேட்க மாட்டேன்.

இந்த வைகாசியில் உனக்கு 28 முடிகிறது. விளையாட்டில் அது வயசான கணக்கு என்கிறான் உன் மருமகன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் அவன் உட்கார்ந்து விளக்கினான். கனடாவில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் 2014இல் ஒரு ஆராய்ச்சி வந்ததாம். ஸ்டார்கிராஃப்ட் 2 என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடுகிற 3,305 பேருடைய ஆட்டத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 16 வயதிலிருந்து 44 வயது வரைக்கும். 24 வயதிலிருந்தே, புதிதாக ஒன்று கண்ணில் பட்டதும் கை அசைவதற்கு ஆகும் நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறதாம். நல்ல ஆட்டக்காரனுக்கும் அப்படித்தானாம். ஆனால் வயது கூடினவர்கள் அதை வேறு விதத்தில் ஈடு கட்டிவிடுகிறார்களாம், வேண்டாத வேலையைக் குறைத்து, குறுக்குவழிப் பொத்தான்களை வைத்து, சுருக்கமாக ஆடி.

24 என்று கேட்டதும் எனக்கு மனசு வலித்தது. உனக்கு 24 ஆன அந்த வருஷம், 2022 ஜூலையில்தானே நீ ஆடுகிற பிஜிஎம்ஐ துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் தடை செய்தார்கள், 2023 மே வரைக்கும் நீ திண்ணையில் உட்கார்ந்து வெறும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்கு முன்னால் 2020இல், அதே மாதிரி விளையாட்டான பப்ஜியைத் தடை செய்தபோதும் அப்படித்தான். விரல் நன்றாக ஓடுகிற வருஷமெல்லாம் யாரோ போட்ட உத்தரவில் போய்விட்டது. அது உன் தப்பில்லை எய்யா.

சின்னவன் என் கையிலும் போனைக் கொடுத்துப் பார்த்தான். சிவப்பு பச்சையாக மாறினதும் தொட வேண்டும். சாதாரணமாக ஒருவருக்குக் கால் நொடி ஆகுமாம், அவனுக்கு அதைவிடக் குறைவாக வந்தது, எனக்கு அரை நொடிக்குப் பக்கம். விரல் போகாமல் இல்லை, பச்சைதானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டுதான் தொட்டேன். பீடி சுற்றும்போதும் அப்படித்தான், இலை கிழிந்திருக்கிறதா என்று கண் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் கையை விடும். சின்ன வயதில் பார்க்காமலே சுற்றிவிடுவேன், கழித்துப் போடுகிற பீடியும் அப்போதுதான் அதிகம். இப்போது நாளைக்கு 400தான் ஓடுகிறது, ஆனால் ஒன்றுகூடக் கழிக்க மாட்டார்கள், முன்பு வீணாக்கின ஓரத்துண்டிலும் இலை எடுத்துவிடுகிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கே இறங்குவது, ஆடுகிற வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும், எந்தச் சண்டைக்குப் போகக்கூடாது என்று டீமுக்குச் சொல்வது நீதான் என்றான் சின்னவன். 64 பேர் இறங்குகிற இடத்தில் அப்படிச் சொல்கிறவன் வேண்டாமா? கொரியாவில் ஃபேக்கர் என்று ஒருவன், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறவன், உன்னைவிட இரண்டு வயது மூத்தவன், 2013இல் 17 வயதில் உலகப் போட்டியில் ஜெயித்தவன், 2024இல் 28 வயதில் மறுபடியும் ஜெயித்து இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரன் ஆனானாம். அவன் படத்தைப் பார்த்தேன், கண்ணாடி போட்ட பையன். நன்றாகத் தூங்குகிற முகம். நீயும் தூங்கு. தூக்கம் கெட்டால் 18 வயதுக்காரனுக்கும் கை தாமதிக்கும், அதற்கு ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், ராத்திரி விளக்கு வைத்துப் பீடி சுற்றின எவளைக் கேட்டாலும் சொல்வாள்.

இந்த வீட்டுக்குத் தளம் போட்டது நீதான். விளையாடிச் சம்பாதித்த காசு என்று தெருவில் சொன்னபோது நம்பாதவர்கள் எல்லாம் இப்போது தங்கள் பிள்ளையை உன்னிடம் பேசச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வருஷத்தில் மூன்று போன் வாங்கிவிட்டாய். டச் சரியில்லை, நெட் இழுக்கிறது, போனைச் சாய்த்துக் குறி வைக்கிற ஜைரோ இந்த போனில் தாமதம் என்கிறாய். தவணை இன்னும் முடியவில்லை. எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் அதே பேச்சை நான் பேசியிருக்கிறேன்.

உனக்குத் தெரியாது. உன் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்கு 39 வயது ஆனபோது கை விழ ஆரம்பித்தது. நாளைக்கு 1,200 பீடி சுற்றினவள் 700க்கு வந்துவிட்டேன். இலை சரியில்லை, நூல் இற்றுப்போகிறது, தூள் ஈரம் என்று தினமும் பீடிக்கடையில் சண்டை போட்டேன். இலை எல்லாருக்கும் ஒரே இலைதான். கை போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷம்தான் உன் அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினேன். அவளுக்குப் படிப்பு வரவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேன். நீயும் இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது ரேங்க் எய்யா. அவள் சுற்றின பீடியை என் பாஸ்புக்கில் பதிந்தேன். கணக்குப்பிள்ளை "இந்த வயசிலும் உன் கை ஓடுதே" என்பார், நான் சிரித்துக்கொண்டே பீடிக் கட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவேன். எங்க அம்மா ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுவாள் என்று நீ எல்லாரிடமும் சொல்வாயே, அதில் பாதிக்கு மேல் அவள் கை. அதை வைத்துத்தான் உனக்கு பீஸ் கட்டினேன். அவள் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டியதில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தேன், சின்னவன் போர்வைக்குள்ளே வெளிச்சம். இழுத்துப் பார்த்தால் உன் பேர் போட்ட ஐடியில் ஆடிக்கொண்டிருக்கிறான். மாமா ரேங்க் இறங்கக்கூடாதாம், மாமாவே பாஸ்வேர்டு கொடுத்தாராம், ஒரு மாதமாக இப்படித்தானாம். அவனுக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா, மாமாவைவிட நான் சீக்கிரம் சுடுகிறேன் ஆச்சி என்கிறான். 15 வயது. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. வகுப்பில் தூங்கி விழுகிறான் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்கள், அக்கா கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பாளையங்கோட்டைக்குப் போகக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் அவள் கையை எடுத்தேன். நீ அவள் பிள்ளை கையை எடுக்காதே எய்யா. உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனால் கேட்கிறேன்.

பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடு. அவன் போனை ராத்திரியில் நான் வாங்கி அரிசிப் பானைக்குள் வைக்கிறேன். உன் ரேங்க் இறங்கினால் இறங்கட்டும், அதனால் வருகிற காசு நின்றால் தவணையை என் பிஎஃப் பணத்தில் கட்டிக்கொள்ளலாம், கொஞ்சம் இருக்கிறது. இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாலும் சரி. ஒன்றும் கேட்க மாட்டேன், நீ தூங்கினால் போதும்.

அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. நான் நிறுத்தின கதை அவளுக்குத் தெரியும், பிள்ளையின் கதை தெரியாது. அதை அவளிடம் நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடையிலிருந்து வந்திருப்பாள், அப்போது அவள் நம்பருக்குப் போடு. நான் பக்கத்தில் இருப்பேன்.

அம்மா