பெறாமகளுக்கு ஒரு கடிதம்: எபிஜெனெடிக்ஸ் பக்கம் போகலாமா?

அன்புள்ள பிள்ளைக்கு,

சின்னம்மா எழுதுகிறேன். நீ கேட்டதற்கு ஃபோனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூலக்கூற்று உயிரியல் படித்து முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று முழிக்கிற பிள்ளைகள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும். கலியாணம், கனடா இரண்டையும் பற்றி அம்மா போதுமானளவு சொல்லியிருப்பா. அதை விடுவோம்.

"புற்றுநோயில் எபிஜெனெடிக்ஸ் என்று ஆராய்ச்சிக்குப் போனால் உருப்படியாக ஏதாவது கண்டுபிடிப்பேனா?" என்று கேட்டாய். எபிஜெனெடிக்ஸ் என்றால், டிஎன்ஏயின் எழுத்து மாறாமலே பரம்பரையலகுகள் மூடித் திறக்கிற விதத்தைப் படிப்பது. பதிலுக்கு ஒரு கதை சொல்கிறேன். பீற்றர் ஜோன்ஸ் என்றொரு ஆராய்ச்சியாளர், தென்னாபிரிக்காவில் பிறந்தவர். அவர் கையில் எடுத்த 5-அசாசைற்றிடின் என்ற மருந்து 1964இல் பிராகில் செக் வேதியியலாளர்கள் செய்து வைத்தது. இரத்தப் புற்றுநோய்க்கு அதைக் கூடின அளவில் கொடுத்துக் கலங்களைக் கொல்லப் பார்த்தார்கள், நோயாளிகளுக்குத் தாங்கவில்லை. ஜோன்ஸும் கூட இருந்தவர்களும் அதைச் சுண்டெலி முளையத்திலிருந்து வந்த கலங்களில் போட்டுப் பார்த்தபோது, தட்டில் நீள நீளமாக, ஒன்றுக்குள்ளேயே பல கருக்களோடு, தசைக் கலங்கள் முளைத்திருந்தன. அவை சுருங்கி விரியவும் செய்தன. போட்ட கலங்கள் தசைக் கலங்களே இல்லை! ஆய்வுகூடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், இப்படி ஒன்றைக் கண்டால் "ஏதோ கலந்துபோச்சு" என்று தட்டைக் கழுவி வைக்கத்தான் முதலில் கை போகும். அவர்கள் கழுவவில்லை. 1977இல் கட்டுரையாக வந்தது.

டிஎன்ஏயின் எழுத்து வரிசை மாறாமல் இது எப்படி நடந்தது என்பதை, 1980இல் ஷேர்லி ரெய்லரோடு சேர்ந்து எழுதினார். டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைற்றோசினில், மெதைல் என்ற சின்ன வேதியியல் குறியைப் பதிக்கிற நொதியத்தை இந்த மருந்து டிஎன்ஏயோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. கலம் பிரியப் பிரிய, புது இழைகளில் மெதைல் குறைந்துகொண்டே போகும். மூடிக்கிடந்த பரம்பரையலகுகள் வேலை செய்யத் தொடங்கும். ஆகவே கலத்தைக் கொல்கிற அளவு தேவையில்லை, குறைந்த அளவு போதும். அந்த அளவில், என்பு மச்சை ஒழுங்காக இரத்தம் உண்டாக்காத எம்டிஎஸ் நோய்க்கு, 2004இல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2009இல் வெளிவந்த ஆய்வில், நோய் முற்றும் ஆபத்துக் கூடியவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 24.5 மாதம், வழமையான சிகிச்சையில் 15. "ஒன்பதரை மாதத்துக்காகவா இவ்வளவு வருஷம்?" என்று உன் அப்பா கேட்பார். நான் வேலை செய்கிற, நோயாளிகளின் இழையங்களைச் சோதிக்கிற பத்தொலஜிப் பகுதிக்கு ரிப்போர்ட் எடுக்க வருகிற குடும்பங்களிடம் கேட்கச் சொல்லு.

இரத்தத்தில் அல்லாமல் உறுப்புகளில் கட்டியாக வளர்கிற திண்மக் கட்டிகளில் அந்த மருந்து தனியே பெரிதாக எடுபடவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போ. இன்னொன்று, வாட்ஸ்அப்பில் "மஞ்சள் தின்றால் பரம்பரையலகு திருந்தும், இதுதான் எபிஜெனெடிக்ஸ்" என்று உலாவுகிற வீடியோக்களை எனக்கு அனுப்பாதே. மாமி அனுப்புவதே போதும்.

நீ எதில் செய்யலாம் என்றால், என் யோசனை வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடம் அதுதான் முதலிடம். மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரியும். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 அறிக்கையில் சொல்லிவிட்டது. கலப்பிரிவைத் தடுக்கிற பி16 என்ற பரம்பரையலகு, வெற்றிலை சப்புகிறவர்களின் வாயில், புற்றாக மாறுமுன்னரான கட்டத்திலேயே மெதைலால் மூடப்பட்டிருப்பதை இங்கத்தைய மாதிரிகளிலேயே பார்த்திருக்கிறார்கள். அப்படி மூடியவர்களில் யாருக்குப் பின்னால் புற்று வரும், யாருக்கு வராது? அந்தக் கேள்விக்கு வெளிநாடு போகத் தேவையில்லை. நோயாளிகள் இங்கேதான் இருக்கிறார்கள்.

வேலை சொகுசானது என்று நினைக்காதே. நோயாளியின் இழையத்தைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியை மைக்ரோரோம் என்ற சீவுகிற கருவியில் மெல்லிசாகச் சீவி, சைலீனில் மெழுகைக் கரைத்து, புரதத்தைக் கரைக்கிற புரொட்டீனேஸ் கே நொதியம் போட்டு 56 பாகையில் இரவிரவாக வைப்பாய். இழையம் கெடாமல் இருக்கப் போட்ட ஃபோமலின் ஏற்கெனவே டிஎன்ஏயைத் துண்டுதுண்டாக்கியிருக்கும். மெதைல் எங்கே இருக்கிறது என்று பார்க்க அடுத்துப் போடுகிற பைசல்பைற்று என்ற இரசாயனம் இன்னும் நறுக்கும். அது போட்டால் மெதைல் இல்லாத சைற்றோசின், யூராசில் என்ற வேறு எழுத்தாக மாறும். மெதைல் உள்ளது அப்படியே நிற்கும். அந்த வித்தியாசம்தான் முழு விளையாட்டும். டிஎன்ஏ இப்படி நறுங்கிப் போவதாலே, அதைப் பல மடங்கு பிரதி எடுக்கிற பிசிஆருக்கு எடுக்கிற துண்டைச் சின்னதாக வை, 150 காரங்களுக்கு (டிஎன்ஏ எழுத்துகளுக்கு) உள்ளே. 2022 பொருளாதார நெருக்கடியில் நடந்த மாதிரி, இரசாயனப் பொருள் வராமல் மாதக்கணக்கில் கை கட்டி இருக்கவும் நேரலாம்.

மேற்பார்வையாளரைப் பார்க்கப் போகும்போது இரண்டு விஷயம் கேள். எத்தனை வருஷப் பழைய மெழுகுக் கட்டிகளைப் பாவிக்கப் போகிறார்? அதே ஆட்களின் நோயில்லாத இழையமும் ஒப்பிடக் கிடைக்குமா? இரண்டாவதற்கு "இல்லை" என்றால் வேறு ஆளைப் பார். எதிக்ஸ் கமிற்றி விண்ணப்பத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முதல் போடு, அதுதான் இழுபடும். நோயாளியின் சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கொண்டு வா, நான் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
சின்னம்மா
வெள்ளவத்தை