விசாவுக்குக் காத்திருக்கும் மனைவியர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் வாழ்பவருக்கு மணமுடித்துக் கொடுத்த மகளைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு விசாவை எதிர்பார்த்திருக்கும் பெற்றோர் மதுரை, திருமங்கலம், மேலூர் வட்டாரங்களில் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். மாப்பிள்ளை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் மனைவிக்கான குடியேற்ற விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை என்பதும், கிரீன் கார்டு (அங்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) மட்டுமே வைத்திருப்பவரின் மனைவி உச்சவரம்புக்கு உட்பட்ட வரிசையில் நிற்க வேண்டும் என்பதும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே கேட்டறிய வேண்டியவை. நாமோ சம்பளத்தை மட்டும் விசாரிக்கிறோம். மனைவிக்காக மாப்பிள்ளை அளிக்கும் மனு ஏற்கப்பட்ட பிறகும் ஆவணச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, நேர்காணல் என்று படிகள் நீள்கின்றன. பாஸ்போர்ட்டிலும் திருமணப் பதிவுச் சான்றிலும் பெயர் வேறுபட்டால் (நம் இனிஷியல் வழக்கத்தால் இது எளிதில் நேர்கிறது) காத்திருப்பு மேலும் கூடும்.

நேர்காணல் நாள் குறிக்கப்படும் முன்பே வேலையை விட்டுவிட்டு, "இன்னும் கிளம்பலையா?" என்ற உறவினர் கேள்விக்கு அஞ்சி விசேஷ வீடுகளைத் தவிர்க்கும் பெண்களின் நிலைதான் மிகக் கொடியது. விசா கைக்கு வரும்வரை அவர்கள் வேலையில் நீடிப்பதே நல்லது என்பது என் கருத்து. மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகமும் பதிவுத்துறையும் இணைந்து, பெயர்த் திருத்தம், திருமணப் பதிவு ஆகியவை குறித்து வழிகாட்டும் முகாம்களை நடத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருமங்கலம்.