குண்டர் சட்டமும் கிடப்பில் கிடக்கும் திருத்தமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'குண்டர் சட்டம் பாய்ந்தது' என்ற செய்தியைப் படித்ததும் பலருக்கு நிம்மதி வருகிறது. ஆனால் 1982ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் செய்த குற்றத்துக்குத் தண்டனை தருவதில்லை. இனிமேல் செய்யக்கூடும் என்ற ஊகத்தில், வழக்கு விசாரணையே இல்லாமல், ஒருவரை 12 மாதம் வரை அடைத்துவைக்கிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுவோரில் தொடங்கிய பட்டியல், திருட்டு விசிடி விற்பவர், மணல் கடத்துபவர் என்று நீண்டுகொண்டே போயிற்று.

அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது என்பது உண்மைதான். கூடவே ஒரு கடிவாளமும் உண்டு: மூன்று மாதத்துக்கு மேல் அடைத்துவைக்க, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம் ஒப்ப வேண்டும். அந்தக் கழகத்தை அமைப்பது யார் என்றால், அடைத்துவைத்த அதே அரசு! உறுப்பினர் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி இருந்தால் போதும். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமையும் கைதிக்குக் கிடையாது.

நெருக்கடிநிலையில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1978இல் நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தின் மூலம் இதைச் சரிசெய்தது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே கழகம் அமைய வேண்டும். அதன் தலைவர், ஓய்வு பெறாமல் பணியிலுள்ள நீதிபதியாக இருக்க வேண்டும். மூன்று மாதம் இரண்டாகக் குறைய வேண்டும். ஆனால் இது நடைமுறைக்கு வரும் தேதியை ஒன்றிய அரசு இன்றுவரை அறிவிக்கவில்லை. அறிவிக்கும்படி உத்தரவிட இயலாது என்று 1981இல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. அதன்பின் எத்தனையோ கட்சிகள் டெல்லியில் ஆண்டுவிட்டன. இதில் மட்டும் அவற்றுக்குள் கருத்து வேறுபாடே இல்லை போலும்.

உயர் நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், படிக்க முடியாத நகல்கள் என்று காரணம் காட்டி உத்தரவுகளை ரத்தும் செய்கிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று, தமிழ்நாட்டின் காலாவதி மருந்து வழக்கு ஒன்றில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் அதிகாரிகளின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

டெல்லியின் அறிவிக்கைக்காகச் சென்னை காத்திருக்கத் தேவையில்லை. தலைமை நீதிபதியிடம் பெயர்களைக் கேட்டுக் கழகத்தை அமைப்பதற்கு இப்போதைய 22ஆவது பிரிவில் எந்தத் தடையும் கிடையாது. மாநில உரிமை பற்றி அதிகம் பேசும் நம் அரசு, அடுத்த முறை கழகத்தை மாற்றியமைக்கும்போதே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விருத்தாசலம்.