அரையாண்டு விடுமுறையை ஒட்டிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. மதிப்பெண் அட்டை ஜனவரியில் பள்ளி திறந்ததும் கிடைக்கும். விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கட்டுரைப் போட்டி எல்லாம் சிறப்பாக நடந்தன. பரிசு பெற்ற பிள்ளைகளுக்கு வாழ்த்துகள்.

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, பதினோராம் வகுப்பின் சனிக்கிழமை கணினி வகுப்பைப் பற்றி.

அந்த வகுப்பை எடுப்பவர் நம் பள்ளியில் படித்த பெண். இப்போது ஒரு பொறியியல் மென்பொருள் நிறுவனத்தின் கல்வித் தொடர்புப் பிரிவில் இருக்கிறார். மாதம் இரண்டு சனிக்கிழமை, தன் விடுமுறை நாளில், ஒரு ரூபாய் வாங்காமல் வருகிறார். இயற்பியலில் வரும் எறிபொருள் இயக்கத்தைப் பிள்ளைகளே மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் வரைந்து பார்க்கிறார்கள். ஒரே வேகத்தில் 30 டிகிரியில் எறிந்த பந்தும் 60 டிகிரியில் எறிந்த பந்தும் ஒரே இடத்தில் விழுவதைப் பார்த்த ஒரு மாணவன், “எங்கேயோ தப்பு பண்ணிட்டேன் மிஸ்” என்று எழுந்து நின்றான். தப்பில்லை என்று அவனே கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அவர் பக்கத்திலேயே நின்றார், விடையைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் வகுப்பு முடிந்ததும் நம்மில் சிலர் சூழ்ந்துகொள்கிறோம். போன முறை மதியம் 12 மணிக்கு வகுப்பு விட்டது. 1.15-க்கு நான் வெளியே வந்தபோதும் அவர் வேப்பமரத்தடியில்தான் நின்றிருந்தார். கையில் ஏழு பயோடேட்டா. சாப்பாட்டுப் பையைப் பிரிக்கக்கூட இல்லை. யாரோ அவருடைய செல்பேசி எண்ணை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். இரவு பத்தரைக்கும் அழைப்பு வருகிறது.

பொறியியல் முடித்த மூத்த பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் படும் பாடு எனக்குத் தெரியும். கேட்பதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் வேலைக்கு ஆள் எடுப்பவர் அல்ல. கல்லூரிகளுக்குப் போய், மென்பொருளைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குக் காட்டுவது, ஆய்வகப் பயிற்சிகள் அமைக்க உதவுவது, மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று நிறுவனத்துக்குச் சொல்வது, இவைதான் அவர் வேலை. மேட்லேபே வகுப்பறையில் பிறந்ததுதான். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிளீவ் மோலர், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதாமலே அணிக் (மேட்ரிக்ஸ்) கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும் என்று அதை எழுதினார். அதை விற்கும் நிறுவனம் 1984-இல்தான் வந்தது. வகுப்பறைக்கென்றே இத்தகைய நிறுவனங்கள் ஆட்களை வைத்திருக்கின்றன. வேலைக்கு எடுப்பது வேறு பிரிவு. அங்கே எல்லோரையும் போல இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பள்ளி வளாகத்தில் இனி யாரும் அவரிடம் வேலையோ பயிற்சி இடமோ கேட்கக் கூடாது. அவர் எண்ணை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிடுங்கள். மறுபடியும் இது நடந்தால் வகுப்பை நானே நிறுத்திவிடுவேன். 42 பிள்ளைகளின் இழப்புக்கு அப்புறம் நாம்தான் பொறுப்பு.

சரி, மூத்த பிள்ளைகளுக்கு நம்மால் முடிந்த ஒரு வழி இருக்கிறது. மேட்லேப் ஆன்ராம்ப் என்ற இலவச இணையப் பயிற்சியை இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். மென்பொருள்களைக் கற்றுத்தரும், மும்பை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஸ்போக்கன் டுடோரியல் காணொளிப் பாடங்கள் தமிழிலும் உண்டு. ஜனவரி மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு நம் கணினி ஆசிரியர் ஆய்வகத்தைத் திறந்து வைத்திருப்பார். அண்ணன், அக்கா யாராக இருந்தாலும் அனுப்புங்கள்.

மழை நாட்களிலும் பிள்ளைகளைச் சனிக்கிழமை தவறாமல் கொண்டுவந்து விட்டவர்கள் நீங்கள். அதற்கு என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்