பிள்ளைகள் தனியாக வாசிப்பதைக் கேட்க நேரம் ஒதுக்குங்கள்

பினாங்கு மாநிலத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம். நான் படிநிலை 1இல், அதாவது முதல் மூன்று ஆண்டு வகுப்புகளில், தமிழ் கற்பிக்கிறேன். ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டைப் பதிவு செய்யும் காலம் வந்தாலே ஆசிரியர் அறையில் ஒரே பரபரப்பு. வாசிப்புக்கு 1 முதல் 6 வரை ஏதாவது ஓர் அடைவுநிலையைப் போட்டாக வேண்டும். அந்த எண் பெரும்பாலும் எழுத்துப் பயிற்சியிலிருந்தும், வகுப்பே சேர்ந்து வாசித்ததிலிருந்தும்தான் வருகிறது. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்ட பிறகு பெற்றோரும் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் பாடநூல் பத்தியைக் கணீரென்று வாசிப்பான். குனிந்து பார்த்தால் விரல் இரண்டு வரி பின்னால் நிற்கும். அதே சொற்களை இடம் மாற்றிப் புதுப் பத்தியாகக் கொடுத்தால், 'கொக்கு' என்பதையே எழுத்துக்கூட்ட ஆரம்பித்துவிடுவான். எல்லாம் காதில் வாங்கிய மனப்பாடம். அவனுக்கு 4 போட்டு மேலே அனுப்பினால், அடுத்த ஆண்டு கணிதத்தில் பிரச்சனைக் கணக்கைப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பான். கணக்கு வரவில்லை என்பார்கள்.

நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் மேரி கிளே வகுத்த முறை ஒன்று உண்டு. பிள்ளை வாசிக்க, ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் குறியிடுவார். நூற்றுக்கு 95 சொல்லோ அதற்கு மேலோ சரியாக வந்தால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியாக வாசிக்கலாம். 90 முதல் 94 என்றால் ஆசிரியர் துணை வேண்டும். அதற்கும் கீழே போனால் புத்தகத்தை மாற்றிவிட வேண்டியதுதான். தானே திருத்திக்கொண்டதைப் பிழையாகக் கணக்கிடுவதில்லை. வீட்டுப் பேச்சுவாக்கில் 'பளம்' என்று வாசித்தாலும் அப்படித்தான். உச்சரிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' என்பதில் ஓரெழுத்து தடுக்கினாலும் ஒரு முழுச் சொல் போய்விடும். எனவே விழுக்காட்டை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, வாசித்து முடித்ததும் கதையைச் சொல்லச் சொல்வேன். கடகடவென்று வாசித்துவிட்டு, கதையில் யார் வந்தார் என்றுகூடத் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இதற்கு நாங்கள் கேட்பது நேரம்தான். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால், 30 பேர் உள்ள வகுப்புக்கு இரண்டரை மணி நேரம். அரை மணிப் பாடவேளைகளாக ஐந்து. அந்த வேளைகளில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னோர் ஆசிரியரைத் தாருங்கள். பருவத்துக்கு ஒருமுறை போதும்.

பள்ளி நூலகமான வள மையத்துக்குப் புத்தகம் வாங்கும்போதும் கொஞ்சம் யோசியுங்கள். நிலாம் என்னும் வாசிப்புத் திட்டப் பதிவில் பிள்ளை எத்தனை புத்தகம் படித்தது என்று எண்ணுகிறோம். அது அந்தப் பிள்ளைக்கு வாசிக்க முடிகிற புத்தகமா என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கத்துக்கு ஒரு வரியில் தொடங்கி, படிப்படியாகக் கடினமாகும் தமிழ்க் கதைப்புத்தகங்கள் அலமாரியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தயவுசெய்து இதற்கென்று புதிதாகப் படிவம் எதுவும் தயாரிக்க வேண்டாம். குறியிட்ட தாளே போதும். அது அடுத்த ஆண்டு ஆசிரியர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் சரி.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
செபராங் பிறை