இடைவேளை இருபது நிமிடம்

அன்புள்ளவர்களுக்கு,

போன மாதம் அப்பா ட்ரங்குப் பெட்டியைக் காலி செய்தார். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்குக் குடிபோகிறோம். எதை எடுப்பது, எதை எறிவது என்று இரண்டு நாளாக ஒரே பஞ்சாயத்து. பெட்டிக்கு அடியில் என் பஸ் சீசன் டிக்கெட் ஒன்று கிடந்தது. 1997. படத்தில் இரட்டைப் பின்னலோடு, யாரோ அடிக்கக் கையை ஓங்கியதுபோல் முழித்துக்கொண்டு நான். அதைப் பார்த்த பிறகு இந்த நன்றி மடலை இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணி, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனிலிருந்து டவுன் பாடசாலைக்குப் போன முதல் பிள்ளை நான். தோட்டமே சந்தோஷப்பட்டது. எனக்கோ முதல் வாரத்திலேயே வாய் அடைத்துப்போனது. வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டார்கள். எழுந்து நின்று "பீலியில இருந்து" என்றேன். மலையில் ஊறி வரும் தண்ணீரைத் திருப்பி, ஆள் நின்று குளிக்கிற மாதிரி விழவைக்கும் இடம்தான் பீலி. லயமே அங்கேதான் குளிக்கும், துவைக்கும், சண்டை போடும். குழாயில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பெரிய பகிடி. அதிலும் சத்தமாகச் சிரித்தவன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். இப்போது அவன்மேல் கோபமில்லை. அவனும் தப்பிக்க வேண்டுமே. அன்றிலிருந்து சாதாரண தரம் எழுதும்வரை என் பெயர் பீலி. 'தோட்டக்காடு', 'கள்ளத்தோணி' எல்லாம் விசேஷ நாட்களுக்கு.

அனுமதியில்லாமல் தோணியேறி வந்தவர் என்கிற அந்தக் கள்ளத்தோணிக்கு ஒரு கதை உண்டு. தோட்டத் தமிழரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர். பாஸ்போர்ட்டும் வந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று இருக்கையிலேயே 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. தாத்தா தேயிலைக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தார். அப்பா எந்த நாட்டுக்காரர் என்பது எங்களுக்கே தெரியாது.

ஆறாம் தர வகுப்பு டீச்சருக்கு முதல் நன்றி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர் நீங்கள். இடாப்பில் பதிய, ஒவ்வொருவராக எழுப்பித் தகப்பனின் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். எனக்குக் கால் நடுங்கியது. என் முறை வந்தது, நான் எழும்பவில்லை. பேனாவைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தீர்கள். "நீர் பிறகு தனிய வந்து சொல்லும்" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டீர்கள். பிறகு வந்தபோதும் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. 2003இல் குடியுரிமைச் சட்டம் வந்து, அப்பா கையில் அடையாள அட்டை கிடைத்த அன்று எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது.

தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், வேலை செய்த ஸ்டோர் மாமா, இது உங்களுக்கு. மே மாதம் பிடிக்கிற மழை எப்போது விடும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுத்தான் அம்மா காயவைப்பார். காய்ந்துவிடும், ஆனால் விறகுப் புகை நாற்றம் போகாது. பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காரும். இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்ததோ, இரவு வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று "அந்த உடுப்பக் குடு" என்றீர்கள். கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் ஒரு மூலையில் தொங்கவிட்டு, விடிய வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஆட்கள் போகும் நேரத்தில் சட்டையை மடித்துக் கொண்டுவந்து தருவீர்கள். மொடமொடவென்று இருக்கும். பச்சைக் கொழுந்து வாசம் அடிக்கும். ஸ்டோருக்குள் துணி காயப்போடுவதைக் கண்டிருந்தால் அன்றைக்கு உங்களுக்குப் பேர் விழுந்திருக்காது, சம்பளம் போயிருக்கும். மழைக்காலம் முழுக்கச் செய்தீர்கள். போன வருஷம் உங்கள் கருமாதிக்கு வந்தவர்களில் யாருக்கும் இது தெரியாது, அத்தையைத் தவிர.

பாடம் நடக்கும்போது சமாளித்துவிடலாம். இடைவேளை இருபது நிமிடம்தான் எனக்குப் பெரிய மலை. எல்லாரும் கூட்டம் கூட்டமாக நிற்கும்போது தனியாக நிற்கிற பிள்ளை கையை எங்கே வைப்பது? தண்ணீர் குடிக்கப் போவேன், திரும்பி வருவேன், மறுபடியும் தண்ணீர் குடிக்கப் போவேன். கன்டீன் அம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் சிங்களவர், தமிழ் வராது. ஒரு நாள் உள்ளிருந்து "என்ன துவே" என்றார். என்ன என்று கேட்கிறார் என நினைத்து, "ஒன்னுமில்லீங்க" என்றேன். அவர் மறுபடியும் "என்ன, என்ன" என்றார். நானும் மறுபடியும் ஒன்றுமில்லை என்றேன். கடைசியில் வெளியே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வா', 'துவே' என்றால் 'மகளே' என்று பிறகுதான் தெரியும்.

பழைய பத்திரிகைக் கட்டை முன்னால் வைத்து, வடை சுற்றச் சதுரமாகக் கிழிக்கச் சொன்னார். மறுநாளும் அதே வேலை. ஏன் தனியாக நிற்கிறாய், யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போய் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடு என்று புத்தி சொல்லவும் இல்லை. அந்தப் புத்தியைச் சொல்ல ஏற்கெனவே நிறையப் பேர் இருந்தார்கள். கிழிக்கிற தாளில் விரலை வைத்து "அயன்ன, ஆயன்ன" என்று எழுத்துக் காட்டுவார். எண்ணெய் பட்ட தாளில் படித்த அந்தச் சிங்களம்தான் ஹட்டனில் பாமசியில் எனக்கு இன்று சோறு போடுகிறது.

பக்கத்து வாங்குத் தோழிக்கு: முதல் நாள் நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். அதனால் என் நன்றி இரண்டாம் நாளிலிருந்து. என் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் கேட்காமலே எடுத்துத் தின்றுவிட்டு உன் பாணைத் தள்ளிவிட்டாய். பரிதாபத்தில் செய்யவில்லை, உனக்கு உண்மையிலேயே சம்பல் பைத்தியம். கனடாவில் கட்டச்சம்பல் கிடைக்கிறதா?

காலை பஸ் கண்டக்டர் அண்ணனையும் சொல்ல வேண்டும். பனியில் ஆள் தெரியாது. மேல் சந்தியில் என் டோர்ச் வெளிச்சம் இறங்கி வரும்வரை டிரைவரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு பஸ்ஸை மறித்துவைத்தீர்கள்.

கன்டீன் அம்மா இப்போது நாவலப்பிட்டிப் பக்கம் மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை அவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிடுங்கள். பத்திரிகை கிழித்த பிள்ளை என்றால் தெரியும். பார்க்க வரலாமா என்று மட்டும் கேளுங்கள். "என்ன" என்று சொன்னால் அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்கே பஸ் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
பீலி